காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை

எங்கள் டிப்போவில் மன அழுத்தம் இருக்கிறது என்று கண்டுபிடித்தவர் மேனேஜர். அதற்கு முன்னால் எங்களிடம் அப்படி ஒன்று கிடையாது. முதுகு வலி இருந்தது. வயிற்றில் எரிச்சல் இருந்தது. படுத்தால் தூக்கம் வராமல் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடப்பது இருந்தது. வீட்டில் ஒரு தட்டு சத்தம் போட்டால்கூட எரிந்து விழுவது இருந்தது. இதெல்லாம் தனித்தனிச் சாமான் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம். எல்லாவற்றுக்கும் ஒரே பெயர்தான் என்று தெரிந்தபோது பாதிச் சுமை இறங்கினாற்போல இருந்தது. இறங்கிய பாதிக்குப் பதிலாக வேறு ஒன்றை அவர்கள் ஏற்றினார்கள்.

நான் பஸ் ஓட்டுகிறவன். அழுத்தம் என்றால் எனக்குத் தெரிந்தது இரண்டுதான். காலால் பிரேக்கை அழுத்துவது ஒன்று. எதைக் கேட்டாலும் வாய் திறக்காதவனை அழுத்தக்காரன் என்று சொல்வோமே, அது இன்னொன்று. மேனேஜர் அந்த இரண்டாவது வகை.

விஷயம் எப்படி ஆரம்பித்தது என்றால், ஒரு டிரைவர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கும்போது படியிலேயே சுருண்டு விழுந்தான். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம், பிழைத்துக்கொண்டான். ஏன் விழுந்தான் என்று விசாரணை வைத்தார்கள். "காலையிலேர்ந்து சாப்பிடாம, இறங்காம ஓட்டிருக்கான் சார்" என்று நாங்கள் எல்லாரும் சொன்னோம். மேனேஜர் எழுதிக்கொண்டார். மேலிடத்துக்கு அனுப்பினார். மேலிடத்திலிருந்து பதில் வந்தது. மன அழுத்தமாம். அதைப் போக்குவதற்கு ஒரு மையம் திறக்கச் சொல்லி உத்தரவாம்.

மையத்துக்கு இடம் வேண்டுமே. டிப்போவில் எங்களுக்கென்று இருந்தது ஒரே ஒரு ஓய்வறை. நாலு பெஞ்சு, ஒரு தண்ணீர்ப் பானை, பின்கதவைத் திறந்தால் கக்கூஸ். அதை எடுத்துக்கொண்டார்கள். பெஞ்சுகளை வெளியே வெயிலில் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாத மெத்தை நாற்காலி வாங்கிப் போட்டார்கள். சுவரில் அருவிப் படம். மூலையில் ஒரு பெட்டி, அதிலிருந்து எந்நேரமும் தண்ணீர் விழுகிற சத்தம். பின்கதவைப் பூட்டிவிட்டார்கள். உள்ளே யாராவது தண்ணீர் ஊற்றினால் அமைதி கெடுகிறதாம்.

மையத்துக்கு ஒரு கவுன்சிலர் வருகிறார் என்றதும், என் வண்டிக் கண்டக்டர் வார்டு கவுன்சிலர் என்று நினைத்துவிட்டான். கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க தெருச் சாக்கடை அடைச்சிக்கிட்டு ரொம்ப நாளாச்சுங்க" என்றான். வந்தவர் மனநல ஆலோசகர். கண்ணை மூடி, "அடைப்பு உங்க உள்ளே இருக்கு" என்றார். குரல் அவ்வளவு மெது. அன்றைக்கே அவருக்குப் பஞ்சு என்று பெயர் வைத்துவிட்டான்.

திறப்பு விழாவில் மேனேஜர் பேசினார். "தொழிலாளர்களோட மனசை நிர்வாகம் இதுவரைக்கும் தொட்டதில்லை. முதுகைத் தொட்டிருக்கோம். வயித்தைத் தொட்டிருக்கோம். தூக்கத்தையும் தொட்டாச்சு. மனசு ஒண்ணுதான் பாக்கி இருந்தது. இன்னிக்கு அதையும் தொட்டுட்டோம்." எல்லாரும் கை தட்டினோம்.

அப்புறம் பஞ்சு பேசினார். "அழுத்தம் வெளியில இல்லை. உங்களுக்கு உள்ளே இருக்கு. நேர அட்டவணைங்கறது மழை, வெயில் மாதிரி. அதை மாத்த முடியாது. மாத்தணும்னு நினைக்கிறதுதான் நோய்."

கண்டக்டர் எழுந்தான். "உள்ளே இருக்கறது வாஸ்தவம் சார். அதை வெளியே விடத்தான் பின்கதவைத் திறங்கன்றோம்."

"நல்லாச் சொன்னீங்க" என்று பஞ்சு எழுதிக்கொண்டார். கதவு திறக்கவில்லை.

இங்கே நடை என்பதைச் சொல்லிவிட வேண்டும். டிப்போவிலிருந்து கிளம்பி, மேட்டுச் சாலை ஏறி, இறக்கத்தில் பள்ளிக்கூடம் தாண்டி, சந்தை முனை வரைக்கும் போய்த் திரும்பினால் அது ஒரு நடை. வண்டிக்காரர்கள் பேச்சில் அதற்கு வேறு அர்த்தம் கிடையாது. ஒரு நடை முடிந்து அடுத்த நடை எடுக்கும் முன் பத்து நிமிடம் விடுவார்கள். அந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்கள் உயிர் இருந்தது. ஒதுங்குவோம், தண்ணீர் குடிப்போம், காலை நீட்டுவோம். ஒன்றுமே செய்யாமல் தரையைப் பார்த்துக்கொண்டு இருப்போம்.

அந்தப் பத்து நிமிடத்தைத்தான் அமைதி அமர்வாக மாற்றினார்கள். வண்டியை விட்டு இறங்கினதும் நேராக மையம். மெத்தை நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூட வேண்டும். பெட்டியில் அருவி கொட்டும். "மூச்சை உள்ளே இழுங்க. பிடிங்க. விடாதீங்க. இன்னும் கொஞ்சம் பிடிங்க" என்பார் பஞ்சு. மேட்டுச் சாலைக் குலுக்கலில் அடிவயிறு நிறைந்து வந்தவனுக்குத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் எப்படி இருக்கும்? கண்ணை மூடி, பல்லைக் கடித்து, மூச்சோடு சேர்த்து எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வேர்த்துக் கொட்டியது. "பாருங்க, அழுத்தம் வேர்வையா வெளியேறுது" என்று பஞ்சு சந்தோஷப்பட்டார்.

சந்தை முனையில் ஒதுங்கலாமே என்று கேட்பீர்கள். வண்டி எத்தனை நிமிடத்தில் திரும்பி வருகிறது என்று டிப்போவில் கணக்குப் பார்த்துக்கொண்டிருப்பான் டைம்கீப்பர். முள்ளு என்று கூப்பிடுவோம். கடிகார முள் மாதிரியே ஒரே வட்டத்தில் சுற்றுகிறவன். எழுதியிருப்பதைத் தவிர வேறொன்றும் அவன் கண்ணில் படாது.

கொஞ்ச நாளில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை மாட்டினார்கள். மனசு அமைதியாக இருந்தால் பச்சை விளக்கு, கொஞ்சம் கலைந்தால் மஞ்சள், அழுத்தம் ஏறினால் சிவப்பு, கூடவே கீச்சுக் கீச்சென்று ஒரு சத்தம். மையத்தில் இருக்கும் பெரிய பலகையில் எல்லார் விளக்கும் தெரியும். பலகை முழுக்கச் சிவப்பு. நெரிசலில் ஓட்டிக்கொண்டிருக்கும்போது கை கத்த ஆரம்பிக்கும். கத்துகிறதே என்று பதறினால் இன்னும் சத்தமாகக் கத்தும்.

வீட்டில் என் மனைவி கேட்டாள். "அது என்ன கையில சிவப்பா மின்னிக்கிட்டே இருக்கு?"

"நான் எரிச்சல்ல இருக்கேனாம். ஆபீஸுக்குச் சொல்லுது."

"இதுக்கு ஒரு மிஷினா? என்னைக் கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேனே."

நான் சிரிக்கவில்லை. தண்ணீர்ச் சொம்பைக் கொஞ்சம் வேகமாக வைத்தேன். பட்டை கத்தியது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். முன்பெல்லாம் நாங்கள் சண்டை போட்டால் அது எங்களுக்குள் இருக்கும். இப்போது மூன்றாவது ஆள் ஒருவன் நடுவில் உட்கார்ந்து கத்துகிறான்.

அந்தச் சமயத்தில்தான் கால் ஆரம்பித்தது. வலது கால், பிரேக் போடுகிற கால். முதலில் பாதத்தில் எறும்பு ஊர்வது மாதிரி. அப்புறம் எறும்பும் இல்லை, பாதமும் இல்லை. செருப்புக்குள் யாரோ கட்டையைச் செருகி வைத்தாற்போல. உதறினால் திரும்பி வரும். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போகும். ஒருநாள் சாயங்காலம் காலை நீட்டி உட்கார்ந்திருந்தேன். என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"தெரியலையா?" என்றாள்.

"என்னது?"

"கட்டை விரலைக் கிள்ளிக்கிட்டிருக்கேன். நல்லா அழுத்தி."

குனிந்து பார்த்தேன். நகம் பதிந்த தடம் இருந்தது.

"இந்தக் காலை வெச்சிக்கிட்டா அந்தப் பள்ளிக்கூட இறக்கத்துல வண்டி ஓட்டுறீங்க?" என்றாள். "லீவு போடுங்க. ஒரு நல்ல டாக்டர்கிட்டப் போவோம்."

இத்தனை வருஷத்தில் என் வண்டி ஒரு ஆட்டுக்குட்டியைக்கூட உரசியதில்லை. அதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. அன்றைக்கு அந்தக் கர்வமே பயமாக மாறிவிட்டது.

லீவு கேட்டேன். உடம்பு சரியில்லை என்று லீவு கேட்டால் இனிமேல் மையத்தின் கையெழுத்து வேண்டும் என்றார்கள். போனேன். பஞ்சு உட்கார வைத்தார்.

"கால் மரத்துப் போகுது சார். பிரேக்குல வெச்சா வெச்சதே தெரியலை. யாராவது குறுக்க வந்துட்டா கொன்னுடுவேன் சார்."

"உங்க கால் உங்ககிட்ட ஏதோ பேசப் பாக்குது. என்ன சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லலை சார். அதான் பிரச்சினை."

"ம்." எழுதிக்கொண்டார். "ஒரே இடத்துல உக்காந்திருக்கற மனசு மரத்துப் போகும். மனசு மரத்தா கால் மரக்கும். லீவுல வீட்டுல படுத்தா இன்னும் மோசமாகும். உங்களுக்கு அசைவு வேணும். மருந்தே வேண்டாம்." ஒரு சீட்டில் எழுதி, முத்திரை குத்திக் கொடுத்தார்.

காலையில் ஒரு நடை, மாலையில் ஒரு நடை, கூடுதலாக. வேகமாக. வழியில் எங்கும் நிற்காமல்.

சீட்டு முறைப்படி முள்ளிடம் போனது. முள்ளு படித்தான். மறுநாள் எனக்குக் காலையில் ஒரு நடை கூட, மாலையில் ஒரு நடை கூடப் போட்டிருந்தான். இரண்டும் விரைவு வண்டி. நிறுத்தங்களில் நிற்காது.

நான் சீட்டை அவன் மேசையில் வைத்தேன். "யோவ், இது நடக்கச் சொல்லி எழுதினது."

"நடைன்னு போட்டிருக்கு. வண்டி எடுக்காம எப்படிண்ணே நடை போறது?"

"காலால போறதுய்யா."

"கால்னு எங்கே போட்டிருக்கு? காட்டுங்க." உண்மையிலேயே தேடினான். சீட்டைத் திருப்பிப் பின்பக்கமும் பார்த்தான்.

மேனேஜரிடம் போனேன். சீட்டை வாங்கி இரண்டு முறை படித்தார். "மருத்துவ ஆலோசனை. இதுல தலையிட எனக்கு அதிகாரம் இல்லை. உங்க நல்லதுக்குத்தான் எழுதியிருக்காங்க. ஒரு தொழிலாளியோட மன நலத்துக்காக நிர்வாகம் ரெண்டு நடை கூடுதலா ஒதுக்கியிருக்குன்னா, டீசல் செலவைப் பார்க்காம செஞ்சிருக்கோம். நன்றியாவது சொல்லலாம்."

"பஞ்சு... ஆலோசகரைக் கூப்பிட்டுக் கேளுங்க சார்."

கூப்பிட்டார். பஞ்சு சீட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அவர் கையிலும் பட்டை இருந்தது. மஞ்சளாக மாறியது.

"நான் எழுதினது உலாவறதைத்தான்" என்றார்.

"அப்ப திருத்தி எழுதிக் கொடுங்க" என்றார் மேனேஜர்.

"திருத்தினா முதல்ல எழுதினது தப்புன்னு ஆகும். மேலிடத்துக்குப் பதில் சொல்லணும்." பட்டை சிவப்பாகி ஒரு கீச்சுச் சத்தம் போட்டது. அவசரமாக அதை மற்ற கையால் மூடிக்கொண்டார். "கொஞ்ச நாள் போகட்டும். பலன் எப்படின்னு பார்ப்போம். வண்டி ஓட்டறதும் ஒரு அசைவுதானே."

கூடுதல் நடை ஆரம்பமானது. நிறுத்தத்துக்கு நிறுத்தம் ஜனங்கள் கை காட்டுவார்கள், நான் நிற்காமல் போவேன். கண்டக்டர் படியில் தொங்கிக்கொண்டு பதில் சொல்லுவான். "இந்த வண்டி உங்களுக்கு இல்லை. டிரைவர் உடம்புக்கு." திட்டாத திட்டு இல்லை. பாதி வண்டி காலியாக ஓடியது. முள்ளு எழுதினான்: சிகிச்சை நேரப்படி நடக்கிறது.

ஒரு வாரம் போயிருக்கும். சாயங்காலக் கூடுதல் நடை. காலையிலிருந்து ஒதுங்கவில்லை. அமர்வில் அருவிச் சத்தம் கேட்டு நேராக வந்து ஏறியிருந்தேன். மேட்டுச் சாலை ஏறும்போதே நெஞ்சில் ஒரு இறுக்கம். பட்டை கத்தத் தொடங்கியது. "அண்ணே, அதைக் கழட்டி வீசுங்கண்ணே" என்றான் கண்டக்டர். கழற்றினால் அதற்கு ஒரு மெமோ.

உச்சியைத் தாண்டி இறக்கத்தில் வண்டி சரிந்தது. பள்ளிக்கூடம் விட்டிருந்தது. பிள்ளைகள் ஓரமாக வரிசையில் போய்க்கொண்டிருந்தார்கள். கீழே நிறுத்தத்தில் கூட்டம். வேகத்தைக் குறைக்கலாம் என்று காலை வைத்தேன்.

கால் இல்லை.

இடுப்பிலிருந்து முழங்கால் வரைக்கும் என்னுடையது. அதற்குக் கீழே யாருடையதோ. அழுத்துகிறேனா, பிரேக்குக்குப் பக்கத்தில் வெறுந்தரையை அழுத்துகிறேனா தெரியவில்லை. வண்டி குறைவதாகக் காணோம். நிறுத்தத்துக் கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை, தலையில் மூட்டையோடு, இன்றைக்காவது இவன் நிற்கட்டும் என்று நடு ரோட்டில் வந்து நின்று கையைக் காட்டினாள். ஹாரன் அடித்தேன். அசையவில்லை. வேறு வண்டி ஓட்டுகிறவன் என்றால் ஹாரன் கேட்டதும் ஓடுவாள். என்னைத் தெரியும் அவளுக்கு. எத்தனையோ வருஷமாக நான் நின்று ஏற்றியிருக்கிறேன்.

"அண்ணே" என்றான் கண்டக்டர். அவ்வளவுதான் சொன்னான்.

இரண்டு கையாலும் வலது தொடையைத் தூக்கிப் பிரேக் மேல் போட்டு, உடம்பு முழுவதையும் அதன் மேல் சாய்த்தேன். ஒரு கையால் ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். வண்டி அலறிக்கொண்டு குறுக்காகத் திரும்பி நின்றது. கண்ணாடிக்கு வெளியே அவள் மூட்டை தெரிந்தது. மூட்டைக்குக் கீழே முகம் தெரிய ஒரு நொடி ஆயிற்று.

அவள் சுற்றிக்கொண்டு வந்து ஏறினாள். "ஒரு வாரமாக் கை காட்டுறேன், கண்ணு தெரியலையா உனக்கு?" என்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அடுத்து சொல்ல வந்ததை விழுங்கிக்கொண்டு பின்னால் போய் உட்கார்ந்தாள்.

இன்ஜினை நிறுத்தினேன். இறங்கினேன். நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பொதுக் கழிப்பறை இருக்கிறது. கண்டக்டர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டிப் போய்ச் சேர்ந்தேன். திரும்பி வந்து பஸ் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினேன். கண்டக்டர் தண்ணீர் வாங்கி வந்தான். பாதத்தைத் தேய்த்தேன். எறும்பு வந்தது. அப்புறம் வலி வந்தது. வலிக்கிறதே என்று அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். யாரும் என்னை அவசரப்படுத்தவில்லை. பழைய பத்து நிமிடம் மாதிரியே இருந்தது.

கண்டக்டர் என் கையைத் தொட்டான். "அண்ணே, கத்தலை பாருங்க."

பட்டை பச்சை.

மறுநாள் காலை மேனேஜர் அறைக்குக் கூப்பிட்டார்கள். மேசையில் இரண்டு தாள். ஒன்று மெமோ: அங்கீகாரமின்றி வழியில் வண்டியை நிறுத்தியது, சிகிச்சையை நடுவில் கைவிட்டது. இன்னொன்று பாராட்டு: மையம் தொடங்கியதிலிருந்து பலகையில் எரிந்த முதல் பச்சை விளக்கு. இரண்டிலும் மேனேஜரே கையெழுத்துப் போட்டிருந்தார்.

"முதல்ல எதைக் கொடுக்கணும்னு மேலிடத்துல கேட்டிருக்கேன்" என்றார்.

பஞ்சு என் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். கண்ணில் ஒரு பளபளப்பு. "அந்தப் பத்து நிமிஷம். பலகையில பார்த்தேன். சிவப்பு, மஞ்சள், அப்புறம் அப்படியே பச்சை. எந்தப் பயிற்சி செஞ்சீங்க? மூச்சா? மந்திரமா? மனசுல எந்தக் காட்சியைக் கொண்டு வந்தீங்க?"

"ஒண்ணுக்குப் போனேன்" என்றேன்.

பஞ்சு பேனாவை எடுத்தார். "விடுவித்தல்" என்று சொல்லிக்கொண்டே எழுதினார். "அதுக்கு அப்புறம்?"

"சும்மா இருந்தேன்."

"பற்றின்மை." அதையும் எழுதினார்.

மெமோ மேசைக்கு அடியில் போனது. ஒரு வாரத்தில் சர்க்குலர் வந்தது. விடுவித்தல் பயிற்சி. எல்லா டிரைவர், கண்டக்டருக்கும் கட்டாயம். பயிற்றுநர் நான்.

"செஞ்சு காட்ட இடம் வேணுமே சார்" என்றேன்.

"மையத்துல அருவிச் சத்தம் போட்டு..."

"சத்தத்துல வராது. பின்கதவுச் சாவி வேணும்."

மேனேஜர் பஞ்சுவைப் பார்த்தார். பஞ்சு தலையாட்டினார். இழுப்பறையிலிருந்து சாவி வந்தது. ஒரு தாளில் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டேன். பயிற்சி முடிந்ததும் திருப்பித் தருவதாக அதில் எழுதியிருந்தது. பயிற்சி எப்போது முடியும் என்று எழுத மறந்துவிட்டார்கள். நானும் ஞாபகப்படுத்தவில்லை.

இப்போது ஒவ்வொரு நடைக்கும் நடுவில் பத்து நிமிடம் பயிற்சி. வருகை முழுசாக இருக்கிறது. முதல் பாடம் கதவுக்கு உள்ளே, இரண்டாம் பாடம் கதவுக்கு இந்தப் பக்கம், பெஞ்சில். பெஞ்சுகளைப் பயிற்சிச் சாதனம் என்று எழுதி உள்ளே கொண்டு வந்துவிட்டோம். என் கூடுதல் நடைகளைப் பயிற்றுநர் வேலை என்று முள்ளு அடித்துவிட்டான். லீவும் கிடைத்தது. டாக்டர் காலைப் பார்த்தார், ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தார், தினம் நடக்கச் சொன்னார். சீட்டில் எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். என் மனைவி தினமும் கட்டை விரலைக் கிள்ளிப் பார்க்கிறாள். கத்துகிறேன். அவளுக்குத் திருப்தி.

பலகை பச்சையாக இருக்கிறது. பஞ்சுவை மேலிடத்துக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். அவர் அங்கே போனதும் அதிகாரிகளுக்கும் அழுத்தம் உண்டு என்று கண்டுபிடித்தார். அதனால் மேனேஜர் அறையை ஒட்டி மேனேஜருக்கென்றே இருந்த கழிப்பறையைப் போன வாரம் அமைதி அறையாக மாற்றினார்கள். அருவிப் படம் வந்து இறங்கியதை நானே பார்த்தேன்.

நேற்று மதியம் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. வரிசையில் எனக்கு முன்னால் நாலு பேர், எனக்கு அடுத்து கண்டக்டர். அவனுக்கும் பின்னால் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டுத் திரும்பினேன். மேனேஜர். ஒரு காலிலிருந்து மறு காலுக்கு மாறி நின்றார். கையில் பட்டை சிவப்பாகக் கத்தியது.

"கொஞ்சம் அவசரம்" என்றார்.

கண்டக்டர் நகர்ந்து இடம் விட்டான், வரிசையில் தனக்குப் பின்னால். "மூச்சை உள்ளே இழுங்க சார்" என்றான் மெதுவான குரலில். "பிடிங்க. விடாதீங்க."